மில் வாசலில் ரூசோ

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எண்ணூர் பக்கமாகப் போகும்போது பெரிய ஆலைகளின் வாசலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கம்பெனியின் பெயர்ப் பலகைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கொடிக்கம்பம் நிற்கும். அதன் கீழே சங்கத்தின் பெயர், பதிவு எண், கொடியேற்றிய தலைவரின் பெயர். சில வாசல்களில் இரண்டு மூன்று கம்பங்கள், கொடிக்கு ஒரு நிறம். இந்தப் பக்கத்திலேயே வளர்ந்தவர்களுக்கு அதைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றாது. நாம் இன்று அந்தக் கம்பத்திலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம். டீ சொல்லியிருக்கிறது, வரட்டும்.

கேள்வி இதுதான். ஓர் ஆலையில் வேலை பார்க்கும் சிலர் ஒன்றுசேர்ந்து, "இனி எங்களோடு தனித்தனியாகப் பேச வேண்டாம், எல்லாருக்கும் சேர்த்து இவர் பேசுவார்" என்று முதலாளியிடம் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும் உரிமை எங்கிருந்து வந்தது? அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு என்பார் சட்டம் தெரிந்தவர். சரி, அதற்கு முன்னால்? வரலாறு படித்தவர் ஐரோப்பாவுக்குப் போவார். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் லாக், மான்டெஸ்கியூ, வால்டேர், ரூசோ என்று அறிவொளிக் காலச் சிந்தனையாளர்கள் வந்தார்கள். மன்னராட்சியைக் கேள்வி கேட்டார்கள். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கினார்கள். அதன் தொடர்ச்சிதான் தொழிற்சங்கம். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் ஏறக்குறைய இப்படித்தான் படித்தோம்.

இதில் பாதி சரி, பாதி தலைகீழ். அந்தச் சிந்தனையில் ஊறியவர்கள் பிரான்சில் ஆட்சியைப் பிடித்த இரண்டே வருஷத்தில், தொழிலாளர்கள் கூடிக் கூலி பேசுவதைச் சட்டவிரோதம் ஆக்கினார்கள். அதையும் சுதந்திரத்தின் பெயரால்தான் செய்தார்கள். அதே நியாயம் சுமார் 130 வருஷம் கழித்து நம்முடைய பெரம்பூர் மில் வாசலிலும் வந்து நின்றது. எப்படி வந்தது என்று பார்க்க, முதலில் அவர்கள் சொன்னது என்ன என்று தெரிந்துகொள்வோம்.

அரசன் ஏன் ஆள்கிறான் என்று கேட்டால், கடவுள் கொடுத்த அதிகாரம் என்பதுதான் அதுவரை பதிலாக இருந்தது. 1689-ல் ஜான் லாக் வேறு பதில் சொன்னார். மனிதர்கள் பிறவியிலேயே சுதந்திரமானவர்கள், ஒருவருக்கொருவர் சமமானவர்கள். உயிர், சுதந்திரம், உடைமை மூன்றையும் காத்துக்கொள்வதற்காகத் தாங்களே சம்மதித்து ஓர் அரசை ஏற்படுத்திக்கொள்கிறார்கள். நம் தெருவில் சீட்டுப் பிடிக்கிறார்களே, அதை வைத்துப் பார்த்தால் இது விளங்கிவிடும். சீட்டு நடத்துகிற அக்காவிடம் இருபது பேர் பணம் இருக்கிறது. ஆனால் அது அக்காவின் பணம் இல்லை, இருபது பேரும் நம்பிக் கொடுத்தது. ஏலத்தை ஒழுங்காக நடத்தி, எடுத்தவருக்குக் கொடுத்து, கணக்கைக் காட்டுகிறவரை அக்கா சொல்வதுதான் சட்டம். கணக்கில் கை வைத்தால், சேர்ந்தவர்களே சீட்டை வேறு கைக்கு மாற்றிவிடலாம். லாக் சொன்ன அரசு அந்த அக்காதான்.

இப்படி என்றைக்காவது எல்லாரும் ஒரு மரத்தடியில் கூடிக் கையெழுத்துப் போட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. 1793-ல் கான்ட் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார். அது நடந்த சம்பவம் அல்ல, சோதித்துப் பார்க்கும் அளவுகோல். ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டு, மக்கள் எல்லாரும் இதற்குச் சம்மதித்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். (அதே கட்டுரையில், கூலிக்கு வேலை செய்கிறவன் தன் காலில் நிற்காதவன், ஆகவே அவனுக்கு வாக்கு கிடையாது என்றும் எழுதினார். இதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.)

இனி இந்தச் சித்திரத்தை இன்னொரு முறை உற்றுப் பார்ப்போம். இதில் யார் யார் இருக்கிறார்கள்? ஒரு பக்கம் தனி மனிதர், இன்னொரு பக்கம் அரசு. நடுவில் யாருமே இல்லை. இது மறதியால் விட்டது அன்று, வேண்டுமென்றே காலி செய்த இடம். ஏனென்றால், அந்தக் காலத்து ஐரோப்பாவில் அந்த நடு இடம் முழுக்க நெரிசல். பிரபுக்களுக்குத் தனிச் சட்டம், பாதிரிகளுக்குத் தனிச் சலுகை, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு 'கில்டு'. கில்டு என்றால் ஒரு தொழிலின் கதவைக் கையில் வைத்திருந்த கூட்டம். பாரிசில் ரொட்டி சுட வேண்டுமா, நாற்காலி செய்ய வேண்டுமா, அந்தந்தக் கில்டில் சேர வேண்டும். பல வருஷம் எடுபிடியாக இருந்து, கட்டணம் கட்டி, மூத்தவர்கள் ஒப்புக்கொண்டால்தான் தனிக்கடை போடலாம். கில்டுக்காரரின் மகனுக்கும் மருமகனுக்கும் வழி சுலபம், மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். திறமை இருந்தும் பிறப்பாலோ பணத்தாலோ வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு, இந்த நடு ஆட்களை எல்லாம் ஒழித்தால்தான் விடுதலை என்று பட்டதில் ஆச்சரியம் என்ன? 1776-ல் பிரெஞ்சு அமைச்சர் டர்கோ கில்டுகளை ஒழித்து ஆணை போட்டார். சில மாதங்களில் பதவி போனது, கில்டுகள் திரும்பி வந்தன.

ரூசோ இந்த எண்ணத்துக்கு ஒரு தத்துவத்தையே கட்டினார். 1762-ல் வந்த அவருடைய சமூக ஒப்பந்த நூலில் 'பொதுச் சித்தம்' என்று ஒன்று வருகிறது. ஒவ்வொரு குடிமகனும் தன் லாபத்தைத் தள்ளிவைத்து, ஊருக்கு எது நல்லது என்று தானாக யோசித்துச் சொன்னால் அதிலிருந்து திரள்வது அது. இதைக் கெடுப்பது எது? ஊருக்குள் உருவாகும் சிறு கூட்டங்கள். மறுபடியும் நம் சீட்டுக்கே வருவோம். ஏலத்துக்கு முன்னால் நாலு பேர் தனியே கூடி, யார் எவ்வளவு கேட்பது என்று பேசிவைத்துக்கொண்டு வந்தால் ஏலம் ஏலமாக இருக்குமா? ரூசோவின் பயம் அதுதான். உறுப்பினருக்குத் தன் கூட்டத்தின் விருப்பம் பொது விருப்பமாகத் தோன்றும், நாட்டுக்கோ அது இன்னொரு சுயநலம். கூட்டங்கள் இல்லாமல் இருப்பது நல்லது என்றார். இருந்தே தீரும் என்றால், ஒன்று மட்டும் கொழுத்துவிடாதபடி நிறைய இருக்கட்டும் என்றார்.

இப்போது 1791-க்கு வருவோம். அந்த மார்ச்சில் புரட்சி அரசு கில்டுகளை ஒழித்துவிட்டது. யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம். பாரிஸ் தச்சர்கள் இதைத் தங்களுக்கும் கிடைத்த சுதந்திரமாக எடுத்துக்கொண்டார்கள். கூடினார்கள், தினக்கூலி இதற்குக் குறையக் கூடாது என்று தீர்மானித்தார்கள், வேலையை நிறுத்தினார்கள். முதலாளிகள் நகராட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் மனு போட்டார்கள். ஜூன் 14-ஆம் தேதி லெ ஷாப்பலியே என்ற உறுப்பினர் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். ஒரே தொழில் செய்கிறவர்கள் கூடித் தலைவர், செயலாளர் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. பதிவேடு வைக்கக் கூடாது. கூலி பற்றித் தீர்மானம் போடக் கூடாது. அன்றைக்கே நிறைவேறியது.

யார் இந்த லெ ஷாப்பலியே? பழைய மன்னராட்சியின் கையாள் என்று நினைத்துவிடாதீர்கள். 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தார்களே, அந்தப் புகழ்பெற்ற கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரே இவர்தான். அவருடைய வாதம் இப்படிப் போகிறது. கில்டுகள் போய்விட்டன. இனி நாட்டில் இருப்பது தனி மனிதனின் நலன் ஒன்று, எல்லாருடைய பொது நலன் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொழிலின் நலன் என்று கிளப்பினால் கில்டு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். நோயாளிக்கும் வேலையில்லாதவனுக்கும் உதவ வேண்டாமா என்றால், அது தேசத்தின் வேலை, சங்கத்தின் வேலை இல்லை. கூலியா? அதை அவனும் முதலாளியும் சுதந்திரமாகப் பேசி முடித்துக்கொள்ளட்டும்.

நாம் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவோம். தனி மனித சுதந்திரமும் சங்கம் சேரும் சுதந்திரமும் ஒன்றுதான், முதலாவதைக் கொடுத்தால் இரண்டாவது கூடவே வந்துவிடும் என்று நினைக்கிறோம். அறிவொளிக் காலத்தார் அப்படி நினைக்கவில்லை. தனி மனிதனைக் கூட்டங்களிடமிருந்து விடுவிப்பதுதான் அவர்கள் கண்ட சுதந்திரம். 1789-ன் மனித உரிமைப் பிரகடனத்தைப் புரட்டிப் பாருங்கள். பேச்சு, எழுத்து, மதம், உடைமை எல்லாம் இருக்கின்றன. சங்கம் வைக்கும் உரிமை அதில் இல்லை. இதை முதலாளிகளின் சூழ்ச்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. அவர்கள் மனமறிந்து நம்பித்தான் சொன்னார்கள். நம்பியவர்கள் செய்த பிழை என்பதால்தான் அது அவ்வளவு நாள் நீடித்தது.

பிழை எங்கே என்று அதே காலத்தில் கண்டவர் ஒருவர் உண்டு. ஆடம் ஸ்மித்தை முதலாளிகளின் தத்துவஞானி என்றே நமக்கு அறிமுகம் செய்திருக்கிறார்கள். ஆனால் 1776-ல் வந்த அவருடைய பெரும் நூலில், கூலியைப் பற்றிய அத்தியாயத்தை ஒருமுறை படித்தால் நிமிர்ந்து உட்காருவோம். முதலாளிகள் சிலரே, ஆகவே சத்தமில்லாமல் கூடிவிடுகிறார்கள், கூலியை ஏற்றக் கூடாது என்று எப்போதும் பேசிவைத்திருக்கிறார்கள் என்கிறார். அதைத் தடுக்கச் சட்டம் இல்லை, தொழிலாளர் கூடினால் மட்டும் சட்டம் பாய்கிறது. தகராறு வந்தால் முதலாளி வருஷக்கணக்கில் தாக்குப்பிடிப்பார், தொழிலாளிகளில் பலர் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது, ஆனால் ஒரு கைக்குப் பின்னால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லை. லாக்கின் சித்திரத்தில் இந்தக் கணக்கு வரவே இல்லை. உழைப்பைக் கலந்தவனுக்கே பொருள் சொந்தம் என்று உடைமைக்கு அழகான விளக்கம் தந்த அதே லாக், என் வேலைக்காரன் வெட்டிய புல் எனக்குச் சொந்தம் என்று அதே அத்தியாயத்தில் சொல்லிவிட்டுச் சாதாரணமாக மேலே போய்விடுகிறார்.

பிரிட்டனும் 1799, 1800-ல் தொழிலாளர் கூட்டுக்களைத் தடை செய்து, 1824-ல் விலக்கிக்கொண்டது. பிரான்சில் வேலைநிறுத்தம் குற்றமல்ல என்று ஆனது 1864-ல். சங்கம் சட்டப்படியானது 1884-ல்.

சரி, சென்னைக்கு வருவோம். அறிவொளிச் சிந்தனை இங்கே இரண்டு வழியாக நுழைந்தது. ஒரு வழி பத்திரிகை. 1880-களில் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்று தமிழில் ஒரு பத்திரிகை நடத்தி, கடவுள், சாதி, சடங்கு எல்லாவற்றையும் பகுத்தறிவால் அலசினார்கள். இதைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம், நல்லது. மற்றொரு வழி நீதிமன்றம். அங்கே லாக், ரூசோ என்று யாரும் பெயர் சொல்லவில்லை. ஒப்பந்தச் சட்டம் என்ற உடையில் அந்தச் சிந்தனை வந்தது. 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-வது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை எதுவும் செல்லாது என்கிறது. கில்டுக்கு எதிரான பழைய கோபம் அதில் அப்படியே இருக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் "இந்தக் கூலிக்குக் குறைந்து நம்மில் யாரும் வேலை செய்வதில்லை" என்று நூறு பேர் பேசிக்கொண்டால் அதுவும் செல்லாத உடன்படிக்கையே.

அந்த ஒப்பந்தமாவது இருபக்கமும் சமமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1859-ல் ஒரு சட்டம் வந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களை மனத்தில் வைத்துச் செய்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். வேலையை முடி அல்லது பணத்தைத் திருப்பு என்று அவர் ஆணையிடுவார். ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி வாக்குத் தவறினால்? தொழிலாளி சிவில் வழக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒப்பந்தத்தை மீறினால் ஒருவருக்குச் சிறை, மற்றவருக்கு வாய்தா. இந்தச் சட்டம் 1925-ல்தான் போனது.

இந்தப் பின்னணியோடு பெரம்பூருக்கு வருவோம். பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் இரண்டும் பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தவை, வடசென்னையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. அன்றைய தொழிற்சாலைச் சட்டப்படி ஜவுளி ஆலையில் ஓர் ஆண் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை செய்யலாம். மதியம் சாப்பிட அரை மணி. அதற்குள் கை கழுவி, வரிசையில் நின்று, சாப்பிட்டு, மறுபடி தறிக்கு முன்னால் நிற்க வேண்டும். மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் சமயச் சொற்பொழிவு நடத்தும் ஒரு சபையோடு தொடர்புள்ளவர்கள். கதை கேட்க வந்த தொழிலாளிகளின் குறையும் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அப்போது 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த திரு.வி.க.விடமும், அன்னி பெசண்டுடன் பணியாற்றிய பி.பி. வாடியாவிடமும் போய்ப் பேசினார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர். இந்தியாவில் ஒழுங்கான உறுப்பினர் முறையோடு அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர்களின் சொற்பொழிவு மேடையிலிருந்து கிளம்பிய ஒன்று, பாரிஸ் சட்டமன்றம் அஞ்சிய அந்த நடு இடத்தில் போய் நின்றுகொண்டது.

1920-ன் கடைசியில் மில்லில் தகராறு, கதவடைப்பு, துப்பாக்கிச் சூடு. கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு எப்படி அமைந்தது என்று கவனியுங்கள். தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் வேலை ஒப்பந்தம் இருக்கிறது. வெளியாட்களான வாடியாவும் மற்றவர்களும் "வேலைக்குப் போகாதே" என்று சொல்லி அந்த ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள். ஆகவே அவர்களைத் தடுக்க வேண்டும், அவர்கள் நஷ்டஈடும் தர வேண்டும். நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. நீதிபதி அநியாயக்காரர் என்று சொல்ல வரவில்லை. அன்றைய சட்டத்தின் கண்ணுக்குச் சங்கம் தெரியவே தெரியாது, கம்பெனியும் தனித்தனித் தொழிலாளியும்தான் தெரிவார்கள். நடுவில் நிற்பவர் எவரும் அதற்கு ஒப்பந்தத்தைக் கலைக்க வந்த அந்நியர். லெ ஷாப்பலியே இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார். வாடியா சங்கப் பணியிலிருந்து விலகிக்கொள்வது என்ற ஏற்பாட்டில் வழக்குத் திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் அந்தத் தடை உத்தரவு ஒரு நன்மை செய்தது. இப்படியே விட்டால் சங்கம் வைத்த எவரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்று நாடு முழுவதும் தெரிந்துவிட்டது. 1921-ல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அது வளர்ந்து 1926-ன் தொழிற்சங்கச் சட்டம் ஆனது. அதன் 17, 18, 19 பிரிவுகளை வரிசையாகப் படித்தால் ஒவ்வொன்றும் ஒரு பழைய அடிக்கு மருந்து என்று தெரியும். பதிவான சங்கத்தினர் தொழில் நோக்கத்துக்காகப் பேசிவைத்துக்கொள்வது கூட்டுச் சதி ஆகாது என்றது 17. வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற காரணத்துக்காக அவர்கள்மேல் சிவில் வழக்கு நிற்காது என்றது 18. பெரம்பூர் வழக்குக்கு நேரான பதில் இது. தொழிலைத் தடுக்கும் நோக்கம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அவர்கள் உடன்படிக்கை செல்லாததாகிவிடாது என்றது 19. ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அந்தச் சட்டம். வாசலில் நாம் பார்த்த பதிவு எண் இந்தச் சட்டத்தின் வழி வந்ததுதான்.

அப்படியென்றால் ரூசோவின் பயம் வெறும் பயம்தானா? அதையும் வடசென்னையே சொல்லும். 1921-ல் அதே மில்களில் மறுபடி வேலைநிறுத்தம், மாதக்கணக்கில். ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். நெடுநாள் கூலியில்லாமல் கிடக்கும் வசதி எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. மற்றவர்கள் அவர்கள்மேல் பாய்ந்தார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் ஆதிதிராவிடர் பக்கம் நின்று வாதாடினார்கள். தொழிலாளர் ஒற்றுமை என்று சொல்லிக்கொண்ட கூட்டத்துக்குள்ளேயே அதைவிடப் பழைய கூட்டம் ஒன்று இருந்தது, சாதி. கில்டைப் போலவே பிறப்பால் கதவைத் திறப்பது, பிறப்பால் மூடுவது.

நம் ஊரில் அந்த நடு இடம் ஐரோப்பாவைவிட நெரிசலானது. அதனால்தான் அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ல் வரைவுச் சாசனத்தை முன்வைத்தபோது, கிராமத்தை விட்டுவிட்டுத் தனி மனிதரை அலகாக எடுத்துக்கொண்டதற்காக மகிழ்கிறேன் என்ற பொருளில் பேசினார். அந்த வகையில் லாக்கின் வழிதான். ஆனால் அதே சாசனம் சங்கம் அமைக்கும் உரிமையையும் 19-வது பிரிவில் வைத்தது. 1789-ன் பிரகடனத்தில் இல்லாதது இங்கே இருக்கிறது. எனக்குப் புரிந்த அளவில் இரண்டுக்கும் முரண் இல்லை. பிறந்ததால் உள்ளே இருக்கும் கூட்டம் ஒன்று, சந்தா கட்டிச் சேர்ந்து, பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளக்கூடிய கூட்டம் இன்னொன்று. ரூசோ இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டார். அவர் கண்ட ஐரோப்பாவில் முதல் வகைதான் கண்ணை மறைத்தது.

பெரம்பூர்ச் சங்கம் பிறகு துறைமுகத்தோடும் உறவு கொண்டது. இலங்கையிலிருந்து வந்த தமிழர் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை 1946-ல் அதன் தலைவரானார்; துறைமுகத் தொழிலாளர் சங்கத்தையும் நடத்தினார்; 1957-ல் வட சென்னைத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அதற்குள் எண்ணூரில் அசோக் நிறுவனமும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வந்துவிட்டன, கொடிக்கம்பங்களும் வடக்கே நகர்ந்தன. பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது.

இனி ஒரு படி மீதி இருக்கிறது. 1926 சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி கொடுத்தது. அதோடு பேச வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அம்பேத்கரிடம் இருந்தபோது, 1943-ல் அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த வழியில் 1947-ல் ஒரு திருத்தச் சட்டமும் நிறைவேறியது. அமலுக்கு வரும் தேதியை அரசு அறிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தத் தேதி அறிவிக்கப்படவே இல்லை. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் சாம்சங் தொழிலாளிகள் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்திருந்ததும் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதற்காகத்தான். அவர்களுக்குப் பதிவு எண் கிடைக்கவே 2025 ஜனவரி ஆகிவிட்டது.

1926 சட்டத்தின் இடத்துக்காக 2020-ல் இயற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இந்த அங்கீகார விஷயத்தைக் கையில் எடுத்திருக்கிறது. ஓர் ஆலையின் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 சதவீதம் பேர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ, அதுவே பேச்சுவார்த்தைச் சங்கம். எந்தச் சங்கத்துக்கும் அந்த அளவு இல்லையென்றால் பல சங்கங்கள் சேர்ந்த ஒரு குழு. படிக்கும்போது ரூசோவுக்கே பிடித்திருக்கும் போலத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்துப் பெரும்பான்மை. ஆனால் காலை ஷிப்ட் நேரத்தில் எண்ணூர் வாசல் ஒன்றில் நின்று பாருங்கள். நிரந்தர ஊழியரும் கான்ட்ராக்ட் ஆளும் ஒரே வாசல் வழியாக, ஒரே மாதிரித் தலைக்கவசத்தோடுதான் உள்ளே போகிறார்கள். கான்ட்ராக்ட் ஆளின் பெயர் இருப்பது அவரை அனுப்பிய கான்ட்ராக்டரின் பதிவேட்டில். இந்த ஆலையின் 51 சதவீதத்தைக் கணக்குப் போடும்போது அவர் எந்தப் பக்கமும் வருவதில்லை.